எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்கு ஏன் திரும்பக் கூடாது?

உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்தாராம். வயலுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானம் மண் தரையில் ஓடி எழும்புகிறது. இரண்டு பனை உயரம் ஏறியிருக்காது, எஞ்சின் நின்றுவிடுகிறது. விமானி தொட்டியிலிருந்த மருந்து முழுவதையும் கொட்டிவிட்டு, எதிரே இருந்த வயலில் நேராகப் போய் இறங்குகிறார். சக்கரம் ஒடிந்து, ஒரு இறக்கை மடங்கி, விமானம் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது. ஆள் மட்டும் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நடந்து வருகிறார். "ஓடுபாதை முதுகுக்குப் பின்னால்தானே ஐயா இருந்தது, ஒரு வட்டம் அடித்துத் திரும்பியிருந்தால் விமானமும் பிழைத்திருக்குமே? மருந்தை ஏன் கொட்டினார்? இதே நம்ம கடற்கரையில் நடந்தால் கடலில் இறக்குவது நல்லதா, கரையில் இறக்குவது நல்லதா?" இவ்வளவும் கேட்டுவிட்டு, தானும் விமானிப் பயிற்சிக்குச் சேரப் போவதாகவும் அம்மா பயப்படுவதாகவும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும், தம்பி கேட்பது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். அந்த ஆள் பதறிப்போய் விழுந்தாரா, யோசித்து இறக்கினாரா? அந்த ஒரு விமானத்தைப் பற்றி வீடியோவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நேராகப் போனதும் மருந்தைக் கொட்டியதும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே இருக்கிறது. யோசித்துத்தான் செய்திருப்பார். யோசித்தது மட்டும் எஞ்சின் நின்ற பிறகு அல்ல, விமானம் தரையில் நின்றிருந்தபோது.

நான் பதினான்கு வருடம் மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவன். பெரும்பாலும் ஆந்திராவில், பருத்திக் காடுகளுக்கு மேல். இப்போது தேவிபட்டினம் பக்கம் குடியிருக்கிறேன். என் அனுபவம் பிஸ்டன் எஞ்சின் விமானங்களோடு முடிந்தது. இன்றைக்கு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பறக்கிற ஏர் டிராக்டர் போன்ற டர்பைன் விமானங்களை நான் ஓட்டியதில்லை. கீழே நான் சொல்லும் கணக்கெல்லாம் நான் ஓட்டிய பைப்பர் பானி வகையை வைத்துச் சொல்வது. விமானம் மாறினால் எண்கள் மாறும், முறை மாறாது.

பானி ஒரே ஆள் உட்காரும் விமானம். எஞ்சின் 235 குதிரைத்திறன். மருந்துத் தொட்டி 568 லிட்டர். எல்லாம் ஏற்றினால் மொத்த எடை 1,315 கிலோ; அதில் மருந்து மட்டும் 544 கிலோ வரை போகும். அதாவது விமானத்தின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு மருந்துதான். நம் நாட்டில் எச்.ஏ.எல். நிறுவனம் செய்த பசந்த், 1972-இல் பறந்தது, 400 குதிரைத்திறன் எஞ்சினோடு இதைவிடப் பெரியது. ஆனாலும் இந்த வகை விமானங்கள் எல்லாவற்றுக்கும் தலையெழுத்து ஒன்றுதான்: முழுச் சுமையோடு, குறைந்த வேகத்தில், மிகத் தாழ்வாக, ஒரே நாளில் இருபது முப்பது தடவை ஏறி இறங்க வேண்டும். பயணிகள் விமானம் சில நாட்களில் செய்வதை இது ஒரே நாளில் செய்துவிடும். வெயில் வேறு. நம்ம ராமநாதபுரம் கடல்மட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் 36 டிகிரி வெயிலில் காற்று மெலிந்து, சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கிற ஊரைப் போல நடந்துகொள்ளும். எஞ்சினுக்கும் இறக்கைக்கும் கிடைக்கிற காற்று அந்த அளவுக்குக் குறைகிறது.

இப்போது திரும்புகிற கதைக்கு வருவோம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, கணக்கு இருக்கிறது. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால், அந்த வட்டத்தின் ஆரம் கிட்டத்தட்ட 200 மீட்டர். பாதி வட்டம் முடிக்க 18 விநாடிக்கு மேல் ஆகும். முடித்த பிறகு மூக்கு ஓடுபாதையின் திசைக்கு வந்திருக்கும். ஆனால் ஆள் ஓடுபாதைக்கு மேல் இருக்க மாட்டார், அதிலிருந்து 400 மீட்டர் ஒதுங்கி இருப்பார். மறுபடி உள்ளே திரும்பி, மறுபடி நேராக்க வேண்டும். எஞ்சின் இல்லாத விமானம், அதிலும் இறக்கைக்குக் கீழே தெளிப்புக் குழாய்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும் விமானம், விநாடிக்கு ஐந்து மீட்டராவது இறங்கும். சாய்த்துத் திரும்பினால் இன்னும் வேகமாக. ஆக, திரும்பி வருவதற்கு 120 முதல் 150 மீட்டர் உயரமாவது கையில் இருக்க வேண்டும். தம்பி சொன்ன இடத்தில் இரண்டு பனை உயரம், சுமார் 40 மீட்டர். அதில் மிச்சமிருப்பது எட்டு விநாடி. எஞ்சின் நின்றதை நம்புவதற்கே மூன்று நான்கு விநாடி போய்விடும். இது கோழைத்தனம் இல்லை, மனுஷ மூளை அப்படித்தான். "நிக்கலை, நிக்கலை, வந்துரும்" என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

காற்றும் இருக்கிறது. எதிர்காற்றில்தான் எழும்புவோம். ஆடி மாதக் கச்சான் 20 கி.மீ. வேகத்தில் வீசுகிறது என்று வையுங்கள். எதிர்த்து ஏறியவர் திரும்பிவிட்டால் அதே காற்று முதுகில். தரையைத் தொடும் வேகத்தில் 40 கி.மீ. வித்தியாசம். திரும்பியே வந்தாலும் ஓடுபாதைக்குள் நிற்காது.

உயரமும் காற்றும் போதாது என்பது ஒரு பாதி. ஆளைக் கொல்வது மற்றப் பாதி, ஸ்டால். இறக்கை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் காற்றைப் பிடிக்க முடியாமல் கைவிட்டுவிடும், அதைத்தான் ஸ்டால் என்கிறோம். முழுச் சுமையோடு பானிக்கு அது ஏறத்தாழ 98 கி.மீ. வேகத்தில் வரும். நேராகப் பறக்கும்போது இந்த எண். உயரத்தை விடாமல் 45 டிகிரி சாய்த்தால் அது 117 ஆகிவிடும். 60 டிகிரி சாய்த்தால் 139. நீங்கள் பறப்பதோ 120-இல். எஞ்சின் இல்லாமல் அந்த 120-ம் விநாடிக்கு விநாடி குறைந்துகொண்டிருக்கிறது. ஓடுபாதை பக்கவாட்டில் நழுவிப் போவதைப் பார்க்கிற விமானி, கை தன்னாலே இன்னும் கொஞ்சம் சாய்க்கும், இன்னும் கொஞ்சம் இழுக்கும். உள்பக்க இறக்கை முதலில் கைவிடும். விமானம் அப்படியே தலைகுப்புறப் புரளும். அந்த உயரத்தில் அதிலிருந்து மீள்வதற்கு வழியே இல்லை.

பக்கத்து முகாமில் ஒருவர் அப்படிப் போனார். என்னைவிடச் சீனியர், என்னைவிட நல்ல கை. நான் தூரத்திலிருந்து பார்த்தேன். எஞ்சின் சத்தம் நின்றது, இடது பக்கம் சாய்ந்தார், சாய்வு கூடிக்கொண்டே போனது, அப்புறம் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். அவருக்கு நேர் எதிரே உழுத நிலம் கிடந்தது. அன்றைக்கு ராத்திரி முகாமில் யாரும் சாப்பிடவில்லை. இத்தனை வருடத்துக்கு அப்புறமும், யாராவது "திரும்பியிருக்கலாமே" என்று கேட்டால் எனக்கு அந்த இடது பக்கச் சாய்வுதான் கண்ணுக்கு முன்னால் வரும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் தம்பி.

சரி, மருந்தை ஏன் கொட்ட வேண்டும்? எடை குறைந்தால் அதிக தூரம் மிதக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னால் போகும் என்ற விகிதத்தை எடை பெரிதாக மாற்றுவதில்லை. மாறுவது வேகம். 1,315 கிலோவிலிருந்து 544 கிலோவைக் கொட்டினால் மிச்சம் 771. ஸ்டால் வேகம் 98-இலிருந்து சுமார் 75-க்கு இறங்கிவிடும். மோதலின் வலிமை எடையோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் போகிற ஒன்று. எடையும் குறைந்து வேகமும் குறைந்தால், தரையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வலிமை முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரே கைப்பிடி, ஒரே இழுப்பு. ஒரு விமானிக்கு அந்த எட்டு விநாடியில் கிடைக்கிற ஆகப் பெரிய உதவி அதுதான். அமெரிக்க விதிகளில்கூட, மக்கள் நெருக்கமாக இருக்கும் இடத்துக்கு மேல் தெளிக்கிற விமானம் தன் முழுச் சுமையில் பாதியையாவது 45 விநாடிக்குள் கொட்டிவிடும் வசதியோடு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நடைமுறையில் அடிக்கதவு திறந்தால் தொட்டி சில விநாடிகளிலேயே காலியாகிவிடும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, பயிற்சி இல்லாதவர் இதில்தான் மாட்டுவார். கொட்டிய உடனே மூக்கு விசுக்கென்று மேலே தூக்கும். ஏறிக்கொண்டிருந்த விமானம், ஏற்கெனவே மூக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் நின்றதால் வேகம் சரிகிறது. இப்போது மருந்தும் போய் மூக்கு இன்னும் தூக்குகிறது. அந்த நேரத்தில் ஸ்டிக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைக்கோல்) முன்னால் தள்ளாவிட்டால் நேராகப் போனவருக்கும் ஸ்டால்தான். அதனால் எங்களுக்கு வரிசையைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தார்கள்: முதலில் மூக்கைத் தாழ்த்து, தாழ்த்திக்கொண்டே கொட்டு, கொட்டும்போது இன்னும் தள்ளு. தரை எதிரே வரும்போது தரையை நோக்கித் தள்ளுவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத காரியம். ஆயிரம் தடவை பழகினால்தான் கை கேட்கும்.

எஞ்சின் முழுதாக நிற்பதைவிட மோசமான ஒன்று உண்டு. பாதி சக்தியோடு இருமிக்கொண்டு ஓடுவது. ஆஸ்திரேலியாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு ஒற்றை எஞ்சின் விமானங்களை வைத்துச் செய்த ஆய்வில், எழும்பும்போது பாதி சக்தி போவது முழுதாக நிற்பதைவிட மூன்று மடங்கு அதிகம் நடக்கிறது என்று வந்தது. 2000 முதல் 2010 வரை அவர்கள் பார்த்த சம்பவங்களில் முழுதாக நின்றவற்றில் யாரும் சாகவில்லை, பாதி சக்தி போனவற்றில்தான் உயிர்கள் போயிருந்தன. காரணம் எளிது. முழுதாக நின்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான். இருமிக்கொண்டிருந்தால் நம்பிக்கை விடாது. இதை வைத்துச் சமாளித்துத் திரும்பிவிடலாம் என்று தோன்றும். விவசாய விமானத்துக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. சுமையைக் கொட்டிவிட்டால் மிச்சமிருக்கிற பாதி சக்தி அந்த எடைக்குப் போதுமானதாகிவிடலாம். அப்போது விமானம் ஏறவே ஏறும். எனவே பாதி சக்திக்குக் கொட்டுவது பறப்பைக் காப்பாற்றுவதற்கு, முழுதாக நின்றால் கொட்டுவது ஆளைக் காப்பாற்றுவதற்கு. இரண்டிலும் கொட்டுவதற்குத் தயங்கக் கூடாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில், குண்டூர்ப் பக்கம். முந்தின நாள் ராத்திரி மழை. பெட்ரோல் டிரம்களை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். நிமிர்ந்த டிரம்மின் தலையில் தண்ணீர் தேங்கும். ராத்திரிக் குளிரில் டிரம் சுருங்கும்போது மூடி வழியாக அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். படுக்கப் போட வேண்டும், அல்லது சாய்த்து வைக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு யாரும் செய்யவில்லை. தோல் வடிகட்டி போட்டு ஊற்ற வேண்டும், ஊற்றிக் கொஞ்சநேரம் விட்டு அடியில் வடித்துக் கண்ணாடிக் குவளையில் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் குமிழாகத் தெரியும். காலையில் முதல் தடவை பார்த்தேன், சுத்தமாக இருந்தது. நான்காவது சுற்றுக்கு மறுபடி ஊற்றியபோது அவசரத்தில் பார்க்கவில்லை. தப்பு டிரம் வைத்தவர்களுடையதும்தான், என்னுடையதும்தான்.

சக்கரம் தரையை விட்டு, ஓடுபாதை முடிவிலிருந்த வேலியைத் தாண்டியதும் எஞ்சின் ஒரு தடவை விக்கியது. அப்புறம் மறுபடி. அப்புறம் காற்றின் சத்தம் மட்டும். நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை கொட்டிவிட்டது. காலையில் வந்ததும் ஓடுபாதையின் அந்தக் கோடிக்கு நடந்து போய், எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தேன்: வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி ஒரு பருத்திக் காடு, பாத்தி வரிசை கிட்டத்தட்ட ஓடுபாதைத் திசையிலேயே. மூக்கை இருபது டிகிரிக்குள் திருப்பி அந்த வரிசையோடு போய் உட்கார்ந்தேன். முதல் வாய்க்காலில் இடது சக்கரம் போனது. விமானம் சுழன்று நின்றது. தோள்பட்டையில் வார் அழுத்திய இடம் ஒரு மாதம் கருத்துக் கிடந்தது. அவ்வளவுதான். காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள், என் மேலெல்லாம் மருந்து என்பதைப் பார்த்துவிட்டு வாய்க்கால் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். அவர்கள் செய்தது சரியான வைத்தியம். தோலில் பட்ட பூச்சிமருந்தை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும், நனைந்த துணியைக் கழற்றுவதும்தான் முதல் வேலை, அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

அந்த விமானங்களின் அமைப்பும் என்னைக் காப்பாற்றியது என்பதைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டதனம். 1950-இல் அமெரிக்காவில் பிரெட் வீக் என்ற பொறியாளர், விவசாயத்துக்கென்றே ஏஜி-1 என்ற விமானத்தை வடிவமைத்தார். விழும் என்று எண்ணியே வடிவமைத்தார். விமானியை உயரத்தில், பின்னால் தள்ளி உட்காரவைத்து, எஞ்சினையும் மருந்துத் தொட்டியையும் அவருக்கு முன்னால் வைத்தார். மோதும்போது கனமான பொருளெல்லாம் ஆளை விட்டு விலகி முன்னால் போகும், நீண்ட மூக்கு நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். பானியும் அவர் கைப்பட்டதுதான். உங்கள் வீடியோவில் ஆள் நடந்து வந்ததற்கு அந்த மூக்கும், தோள் வாரும், தலைக்கவசமும் காரணமாக இருந்திருக்கும்.

இனி நம்ம ஊர். இங்கே நான் மருந்து தெளித்ததில்லை. ஆனால் ஓய்வுபெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை, பஸ்ஸில் போனாலும் எங்கே இறக்கலாம் என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் போகிறேன். முதலில் பனை. எதில் வேண்டுமானாலும் மோதலாம், பனையில் நேராக மோதக் கூடாது. மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் வந்து, இழுபட்டு 10 மீட்டரில் நின்றால் உடம்பு தாங்க வேண்டிய விசை அதன் எடையைப் போல் இரண்டு மடங்குதான். வார் போட்டவருக்கு ஒன்றும் ஆகாது. அதே வேகத்தில் பனையில் மோதி ஒரு மீட்டரில் நின்றால் 22 மடங்கு. வித்தியாசம் அந்த ஒன்பது மீட்டரில் இருக்கிறது. வேறு வழியே இல்லாமல் பனங்காட்டுக்குள் போக நேர்ந்தால், இரண்டு மரத்துக்கு நடுவில் மூக்கை விட்டு இறக்கைகளை மரங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். இறக்கை பிய்ந்து போகும்போது வேகத்தையும் வாங்கிக்கொண்டு போகும். வடலிக் கூட்டம் அவ்வளவு மோசமில்லை. நாம் திட்டித் தீர்க்கிற சீமைக்கருவேலப் புதர் இந்த ஒரு காரியத்துக்கு நல்லது. மெல்லிய தண்டு, நெருக்கமான கிளை, வளைந்து கொடுக்கும். முள் கிழிக்கும், பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும் பயமும் உண்டு. அதனால் தொடுவதற்கு முன் பெட்ரோலையும் மின்சாரத்தையும் அடைத்துவிட வேண்டும்.

கோடையில் வறண்ட கண்மாய், பார்க்க ஓடுபாதை மாதிரியே இருக்கும். வெடித்த களிமண் பெரும்பாலும் எடை தாங்கும். ஆனால் பல கண்மாய்க்குள் கருவேல மரம் வளர்ந்து நிற்கிறது, கரை உயரமானது. கரைக்கு எதிராகப் போனால் மலையில் மோதுவது போல. கரையை ஒட்டி நீளவாக்கில் போக வேண்டும். மழைக்குப் பிறகு மேல் காய்ந்து உள்ளே சேறாக இருக்கும், சக்கரம் புதைந்து தலைகீழாகும். நெல் வயலில் வரப்போடு போக வேண்டும், குறுக்கே போகக் கூடாது. வாலிநோக்கம் உப்பளம் தட்டையாகத் தெரியும். பாத்தி வரப்புகள் அடுத்தடுத்து வருவதால் சக்கரம் உடனே போய்விடும். ஆனால் மோத ஒன்றும் இல்லாத வெட்டவெளி என்பதால், சக்கரம் போனாலும் வயிற்றில் சறுக்கி நிற்கும். பனைக்கும் உப்பளத்துக்கும் நடுவில் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், உப்பளம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை கண்ணை இழுக்கும். குறுக்கே போகிற மின்கம்பியை மேலேயிருந்து பார்க்க முடியாது, வண்டிகளில் ஜனங்கள் வேறு. அதை விட்டுவிடுங்கள்.

கடலா கரையா என்பதற்கு என் பதில், பெரும்பாலும் கரை. புதுமடம் போன்ற இடத்தில் அலை நனைத்துப் போகிற ஈர மணல் கெட்டியாக இருக்கும், மேலே இருக்கிற காய்ந்த மணல் சக்கரத்தை விழுங்கும். ஆனால் நம் கரை வெறும் கரையில்லை. வல்லம் நிற்கிறது, வலை காய்கிறது, கருவாடு காயப்போட்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆள் இருக்கிற கரையை நோக்கிப் போவதைவிட, கரையை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீரில் இறக்குவதுதான் நியாயம். தன் உயிருக்காக மற்றவர் மேல் போய் விழ விமானிக்கு உரிமை கிடையாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும்? இந்த விமானங்களின் சக்கரம் மடங்காது. தண்ணீரைத் தொட்ட கணமே அது பிடித்து இழுத்து, விமானம் தலைகீழாகக் கவிழ வாய்ப்பு அதிகம். ஆள் தலைகீழாக, மூக்கில் தண்ணீர் ஏறிய நிலையில், வாரில் தொங்குவார். அதனால் தொடுவதற்கு முன்பே கதவைத் திறந்துவிட வேண்டும். கவிழ்ந்த பிறகு ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் வாரை அவிழ்க்க வேண்டும். முதலில் அவிழ்த்தால் எது மேல் எது கீழ் என்று தெரியாது. வடக்கே பாக் விரிகுடா பல இடங்களில் 10 மீட்டருக்கும் குறைவான ஆழம்தான். பிரப்பன்வலசைப் பக்கம் நாம் பெண்கடல் என்று சொல்கிற அந்த அமைதியான தண்ணீர் இறங்குவதற்கு நல்லது போலத் தோன்றும். ஆனால் அலையே இல்லாத கண்ணாடித் தண்ணீரில் உயரம் தெரியாது. பத்தடி உயரத்தில் இருக்கிறோமா இரண்டடியில் இருக்கிறோமா என்று கண் ஏமாற்றும். பக்கத்தில் ஒரு படகோ கரையோ தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு இறக்க வேண்டும். தெற்கே ஆண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம், அலையின் முகட்டோடு இணையாகப் போக வேண்டும், அலையை எதிர்த்து மோதக் கூடாது. பவளப் பார்கள் இருப்பதும் நினைவில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு நல்லது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், நாட்டுப்படகுக்காரர்கள் யார் கூப்பிடாமலும் வந்து சேர்வார்கள்.

மருந்தைக் கண்மாயில் கொட்டினால் குடிக்கிற ஆடுமாடு என்ன ஆகும், கடலில் கொட்டினால் மீன் என்ன ஆகும் என்று யாராவது கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலிருந்து எண்டோசல்பான் தெளித்து ஜனங்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் நாம். எஞ்சின் நின்ற பிறகு இதையெல்லாம் பார்த்துக் கையை நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் முந்தின நாளே பார்க்கலாம், பார்க்க வேண்டும். எழும்பும் திசையில் குடிதண்ணீர் ஊருணியோ வீடுகளோ வராதபடி தற்காலிக ஓடுபாதையை அமைப்பது, காற்று ஒத்துழைக்காத நாளில் தெளிப்பையே தள்ளிப்போடுவது, கொட்ட நேர்ந்தால் எந்த மருந்து எவ்வளவு என்று அந்த ஊருக்கு உடனே சொல்லிவிடுவது. கடைசியில் சொன்னதைப் பல இடங்களில் செய்வதில்லை. அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

இவ்வளவு நேரம் உறுதியாகச் சொன்னேன். இனி தொழிலுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிற இடம். போதுமான உயரம் இருந்தால் திரும்பலாமா? திரும்பலாம் என்று நல்ல பயிற்சியாளர்களே சொல்கிறார்கள், அதற்கென்று பழக்கியும் விடுகிறார்கள். எந்த உயரம் என்பதில்தான் சண்டை. 500 அடி என்பவர் உண்டு, 1,000 என்பவர் உண்டு. விமானம், எடை, காற்று, அன்றைக்கு விமானியின் கை, எல்லாம் சேர்ந்து முடிவு செய்கிற எண் அது. தெளிக்கப் போகிற விமானம் அந்த உயரத்துக்குப் பெரும்பாலும் போவதே இல்லை என்பதால் என் தொழிலில் இந்த விவாதம் எழவில்லை. பத்தடி இருபதடியில் நின்றுபோனால் கொட்டுவதற்கு நேரம் செலவழிக்கலாமா என்பதும் அப்படித்தான். நான் கொட்டுவேன், ஏனென்றால் என் கை அப்படிப் பழகியது. மூக்கு தூக்குவதைச் சமாளிக்க உயரம் இல்லை, விட்டுவிடு என்று சொன்ன மூத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

பயிற்சியில் சேர்ந்த பிறகு தம்பி ஒன்று செய்யுங்கள். பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 3,000 அடிக்குப் போய், ஏறுகிற வேகத்தில் த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுதாகப் பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிவிட்டு, அப்புறம் திரும்பி, கிளம்பிய திசைக்கு நேர் எதிரே மூக்கைக் கொண்டுவந்து, மேலே சொன்னபடி மறுபடி உள்ளே திரும்பிக் கிளம்பிய கோட்டிலேயே நேராக்குங்கள். எத்தனை அடி இழந்தீர்கள் என்று பார்த்து எழுதி வையுங்கள். ஐந்து தடவை செய்யுங்கள், ஆக மோசமான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அம்மாவிடமும் காட்டுங்கள். இந்த உயரத்துக்குக் கீழே நான் திரும்ப மாட்டேன், நேராகத்தான் போவேன் என்று சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஓடுபாதை முனையில் நின்று, த்ராட்டிலைத் தள்ளுவதற்கு முன், இன்றைக்கு நின்றால் எந்த வயல் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அந்த எண் எவ்வளவு வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.